மலை லைனில் தாக்குப்பிடிக்கிற மோடம்: யூஎஸ் ரோபாடிக்ஸ் 56கே வெளி மோடம், லினக்ஸில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் வீடு, வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், நெட்டுக்கு டெலிபோன் லைனில் டயல் செய்கிற டயல்-அப்பை விட்டால் வேறு வழியில்லை என்று இருப்பவர்கள் கம்ப்யூட்டருக்கு உள்ளே செருகும் மோடம் கார்டில் காசைப் போடாதீர்கள். கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கிற சீரியல் போர்ட்டில் மாட்டுகிற வெளி மோடம் ஒன்று வாங்குங்கள். நான் வைத்திருப்பது யூஎஸ் ரோபாடிக்ஸ் கம்பெனியின் 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) சீரியல் மோடம். விலை அதிகம்தான், கடையில் கிடைக்கிற உள் கார்டுக்குப் பல மடங்கு. ஆனால் இது வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நெட் என்பது நம்பி உட்காரக்கூடிய ஒன்றாக ஆனது.

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில், அரவேனு பக்கம். தேயிலைத் தோட்டத்துச் சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போஸ்ட் போஸ்ட்டாக வருகிற டெலிபோன் கம்பி. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் அதிகம், பிராட்பேண்ட் இன்னும் எங்கள் சரிவுக்கு வரவில்லை. கூடலூர், தேவாலா பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் அடித்து ஊற்றும் என்றால், எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெரிய மழை. பெண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் விவரம் பார்ப்பதும், வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்கு மெயில் போடுவதும், பேங்க் வேலையும் எல்லாம் இந்த ஒரு கம்பியில்தான். அதனால் நான் பார்ப்பது வேகத்தை இல்லை. தொடங்கின வேலை முடிகிற வரைக்கும் லைன் நிற்குமா என்பதைத்தான்.

முன்னால் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த உள் கார்டு ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, கடையில் மலிவாகக் கிடைத்த பிசிஐ மோடம் கார்டுகளில் பெரும்பாலானவை ஒரே ஜாதிதான். வின்மோடம் என்று சொல்வார்கள். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கைக் கம்ப்யூட்டரின் பிராசஸர்தான் செய்யும், கார்டில் இருப்பது டெலிபோன் லைனைத் தொடுகிற சின்ன சர்க்யூட் மட்டும். மீதி எல்லாம் டிரைவர் என்கிற மென்பொருள். விண்டோஸில் அந்த டிரைவரைக் கம்பெனியே சிடியில் கொடுத்துவிடுவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் அப்படி இல்லை. லூசன்ட் சிப் என்றால் ஒரு டிரைவர், ஸ்மார்ட் லிங்க் என்றால் இன்னொன்று, அதற்கு டீமன் என்கிற ஒரு புரோகிராம் வேறு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கோனெக்ஸன்ட் சிப்புக்கு இலவசமாகக் கிடைக்கிற டிரைவர் 14.4கே வேகத்தோடு நின்றுவிடும், முழு வேகம் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும்.

அதை எல்லாம் தாண்டி ஓட வைத்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. அந்த டிரைவர் குறிப்பிட்ட ஒரு கர்னலுக்காக, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் ஒரு பதிப்புக்காக, கம்பைல் செய்தது (மூல நிரலிலிருந்து ஓடக்கூடியதாக மாற்றியது). பாதுகாப்பு அப்டேட் என்று கர்னல் மாறினால் மறுநாள் காலையில் மோடமே காணாமல் போயிருக்கும். திரும்பக் கம்பைல் செய்ய புதுக் கர்னலின் ஹெடர் ஃபைல் வேண்டும், அது நெட்டில் இருக்கிறது. நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர நெட் வேண்டும். ஊட்டிக்கோ குன்னூருக்கோ போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவதைத் தவிர வேறு வழி இல்லை. கனெக்ட் ஆன பிறகும் பிரச்சினை உண்டு. பிராசஸர் வேறு ஏதாவது பெரிய வேலையில் இறங்கினால், சிக்னலைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் டிரைவருக்கு முறை கிடைக்காமல் லைன் அறுந்துவிடும். எங்கள் வீட்டில் ஓபன் ஆபீஸ் திறந்தாலே போய்விடும், அந்த அளவுக்கு.

இதில் மோசமான விஷயம், எது கோளாறு என்றே தெரியாது. டிரைவரா, கார்டா, கம்பியா, சர்வீஸ் கொடுப்பவர்களா? எல்லாவற்றுக்கும் திரையில் வருவது 'நோ கேரியர்' (அந்தப் பக்கத்து சிக்னல் இல்லை) என்கிற ஒரே வரிதான்.

சரி, வெளி மோடத்துக்கு வருகிறேன். இதற்குள்ளேயே கன்ட்ரோலரும் சிக்னல் பிராசஸரும் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு இது வெறும் ஒரு சீரியல் சாதனம், ஏடி என்று தொடங்குகிற கமாண்ட் கொடுத்தால் பதில் சொல்லும், அவ்வளவுதான். டிரைவர் என்ற பேச்சே கிடையாது. கர்னல் எத்தனை முறை மாறினாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. மாட்டினேன், டயல் செட்டிங்கை எழுதித்தருகிற டபிள்யூவி-டயல்-கான்ஃப் புரோகிராமை ஓட்டினேன், டிடிஒய்எஸ்0 என்கிற முதல் சீரியல் போர்ட்டில் மோடம் இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்து கான்ஃபிக் ஃபைலை எழுதிவிட்டது. நம்பர், யூசர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் நிரப்பியதும் டயல் ஆனது. கனெக்ட் என்று வந்த பிறகும் பிபிபி, அதாவது லைன் வழியே நெட் டேட்டாவைக் கடத்துகிற முறை, தொடங்காமல் நிற்கிறது என்றால், அதே கான்ஃபிக் ஃபைலில் 'ஸ்டுபிட் மோட்' என்பதை 'எஸ்' என்று மாற்றுங்கள். லாகின் கேட்கும் என்று காத்திருக்காமல் நேராக பிபிபியைத் தொடங்கிவிடும்.

கேபிள் விஷயத்தில் கவனம் வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் பக்கம் 9 பின், மோடம் பக்கம் 25 பின் இருக்கிற நேர் கேபிள் வேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்கிற நல்-மோடம் கேபிள் ஆகாது. விலை குறைவான சில கேபிள்களில் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்டு ஒன்று என்று மூன்றே கம்பிகள்தான் போட்டிருப்பார்கள். அதை வைத்தும் சில சமயம் டயல் ஆகும், கனெக்ட் ஆகும், மெயில்கூட வரும். பெரிய ஃபைல் இறக்கும்போதுதான் தொல்லை. 'போதும் நிறுத்து' என்று மோடமும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளத் தனிக் கம்பிகள் இருக்கின்றன, அவை இல்லாததால் டேட்டா வழிந்து வீணாகும், வேகம் படுத்துவிடும். லைன் அறுந்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கம்பியும் இருக்காது. மீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்து வாங்கினால் நல்லது, கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேபிள் சரியாக இருந்தும் கர்னலின் செய்திகளைக் காட்டுகிற டிமெசேஜ் கமாண்டைக் கொடுத்துப் பார்க்கும்போது 'இன்புட் ஓவர்ரன்' (வந்த டேட்டா வழிந்தது) என்று வந்தால் குற்றம் மோடத்தில் இல்லை. ஹார்ட் டிஸ்க், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டாவைக் கடத்துகிற டிஎம்ஏ இல்லாமல் ஓடினால், அது வேலை செய்கிற நேரத்தில் சீரியல் போர்ட்டைக் கவனிக்க ஆளில்லாமல் போகும். சீரியல் போர்ட்டின் 16550ஏ சிப்பில் 16 பைட்டுக்குத்தான் இடம், நிரம்பினால் அடுத்து வருவது தொலைந்தது. பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் எச்டிபார்ம் கமாண்ட் வைத்து டிஎம்ஏவை ஆன் செய்தால் சரியாகிவிடும்.

இந்த மோடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் முன்பக்க விளக்குகள். சிடி என்ற விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்து மோடத்தோடு தொடர்பு இருக்கிறது. ஆர்டி, எஸ்டி இரண்டும் டேட்டா வரும்போதும் போகும்போதும் மினுக்கும். டிஆர் எரிந்தால் கம்ப்யூட்டர் தயார். பக்கம் திறக்காமல் தொங்கும்போது நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்: சிடி அணைந்திருந்தால் லைன் போயிற்று, சிடி எரிந்து ஆர்டி மட்டும் மினுக்காமல் இருந்தால் லைன் இருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒன்றும் வரவில்லை. உள் கார்டில் இதை அறிய லாக் ஃபைலைத் தோண்ட வேண்டும்.

இரண்டாவதாகப் பிடித்தது ஏடிஐ6 என்கிற கமாண்ட். லைன் அறுந்ததும், அடுத்த டயலுக்கு முன்னால், மோடத்தோடு நேரடியாகப் பேச உதவுகிற மினிகாம் புரோகிராமைத் திறந்து ஏடிஐ6 என்று அடித்தால் முடிந்த காலின் முழு ஜாதகத்தையும் கொடுத்துவிடும். எத்தனை பிளாக் (டேட்டாத் துண்டு) திரும்ப அனுப்ப வேண்டிவந்தது, எத்தனை தடவை ரீட்ரெய்ன் (லைனுக்கு ஏற்ப மறுபடி ஒத்திசைப்பது) கேட்டது, கடைசி வேகம் என்ன, எதனால் அறுந்தது, எல்லாம் இருக்கும். அந்தக் கடைசி வரிதான் தங்கம். 'டிடிஆர் டிராப்டு' என்று இருந்தால் தொடர்பை வெட்டியது நம் கம்ப்யூட்டர், பிபிபி செட்டிங்கைப் பார்க்க வேண்டும். 'லாஸ் ஆஃப் கேரியர்' என்றால் அந்தப் பக்கமோ நடுவில் கம்பியோ. பிபிபியை ஓட்டுகிற பிபிபிடி புரோகிராம் முடியும்போது தருகிற எக்ஸிட் நம்பரும் உதவும்: 16 என்றால் மோடம் லைனை விட்டுவிட்டது, 19 என்றால் பாஸ்வேர்டைத் திரும்பப் பாருங்கள்.

போன ஐப்பசி மழையில் லைன் அடிக்கடி அறுந்தபோது இதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். வெயில் அடிக்கிற நாளில் திரும்ப அனுப்பிய பிளாக் ஏதோ கொஞ்சம், மழை நாளில் மளமளவென்று ஏறுகிறது, ரீட்ரெய்னும் அப்படியே. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். லைன்மேன் அண்ணன் வந்து போனை எடுத்துக் கேட்டார். "சத்தம் கிளியராத்தானே வருது சார், கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் இருக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பேச்சுக்குப் போதுமான கம்பி டேட்டாவுக்குப் போதாது. "அண்ணே, மழை பெஞ்ச அன்னிக்கு மட்டும் இது ஏறுது பாருங்க" என்று நோட்டைக் காட்டினேன். ஒரு நம்பரை மட்டும் அழுத்தி டயல்டோனை நிறுத்திவிட்டு ரிசீவரைக் காதில் வைக்கச் சொன்னேன். அந்த அமைதியில் கரகரவென்று மெலிதாக ஒரு இரைச்சல். உடனே புரிந்துகொண்டார். ஏணியை எடுத்துக்கொண்டு மூன்றாவது போஸ்ட்டில் ஏறி ஜாயிண்ட்டைப் பிரித்தார். டேப்புக்குள் தண்ணீர் இறங்கி, முறுக்கின இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெட்டிவிட்டுப் புதுக் கம்பி வெளுக்கும் வரை உரித்து முறுக்கி, ஜெல்லி வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு மழை நாளிலும் அந்த எண் அடங்கியே இருக்கிறது. டீ குடித்துவிட்டுப் போகும்போது, கீழே இன்னும் இரண்டு வீட்டிலும் இதே புகார், இந்த முறையில் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பியை நேசிக்கிற மனுஷன்.

வீட்டுக்குள்ளேயும் பாருங்கள். இணையாக மாட்டியிருக்கும் இரண்டாவது போன், காலர் ஐடி பெட்டி, சுவரோரம் ஓடுகிற பழைய எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாம் சத்தத்தைச் சேர்ப்பவை. லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலிருந்து ஒரே ஒயர் நேராக மோடத்துக்குப் போகட்டும், போனை மோடத்தின் பின்னால் இருக்கிற இன்னொரு ஜாக்கில் மாட்டுங்கள்.

இனி வேகம். 56கே என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே என்று கேட்பார்கள். வி.90 என்கிற 56கே முறையில் நமக்கு டேட்டா வரும் பக்கம் மட்டும்தான் அந்த வேகம், போகும் பக்கம் அதிகபட்சம் 33.6கே. அதுவும் எக்ஸ்சேஞ்சுக்கும் நமக்கும் நடுவே கம்பி குட்டையாகவும் சுத்தமாகவும் இருந்தால்தான் கிடைக்கும். நீளக் கம்பியில் மேல் அதிர்வெண்கள்தான் முதலில் தேய்கின்றன, வி.90க்கு அவையும் வேண்டும். எங்கள் சரிவில் மோடம் பிடிவாதமாக வி.90க்கு ஏறும், தாங்காமல் ரீட்ரெய்ன் செய்யும், மறுபடி ஏறும், கடைசியில் அறுத்துவிடும். டயலுக்கு முன்னால் மோடத்துக்குப் போகிற இனிஷியலைஸ் வரியில் எஸ்32=98 என்று சேர்த்தேன். யூஎஸ் ரோபாடிக்ஸில் அது 56கே முறைகளான எக்ஸ்2வையும் வி.90யையும் நிறுத்தி, அவற்றைவிட மெதுவான வி.34 முறைக்கு இறக்கிவிடும். கோனெக்ஸன்ட் சிப் உள்ள மோடம் என்றால் ஏடி+எம்எஸ்=வி34. இப்போது 28,800க்கும் 31,200க்கும் நடுவில் கனெக்ட் ஆகி அப்படியே நிற்கிறது. எண்ணைப் பார்த்தால் குறைவு, ஆனால் ஒரு மாலை முழுக்க அறுந்து அறுந்து டயல் செய்வதைவிட வேலை சீக்கிரம் முடிகிறது. டெலிபோன் பில்லும் குறைந்திருக்கிறது, ஒவ்வொரு மறு டயலும் ஒரு புதுக் கால் அல்லவா.

நம் ஊர் லைனுக்கு வேறு இரண்டு அவசியம். டயல்டோன் இருந்தும் 'நோ டயல்டோன்' என்று வந்தால் அதே இனிஷியலைஸ் வரியில் எக்ஸ்3 சேருங்கள், டயல்டோனுக்காகக் காத்திருக்காது, பிஸி டோனை மட்டும் கவனிக்கும். கால் வெயிட்டிங் பீப் வரும்போதெல்லாம் அறுந்தால் எஸ்10=50 கொடுங்கள், கேரியர் போன பிறகு ஐந்து நொடி பொறுத்துப் பார்க்கும், வழக்கமாக அவ்வளவு பொறுக்காது. பிபிபி ஆப்ஷன் ஃபைலில் எல்சிபி-எக்கோ-இன்டர்வல் 30, எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர் 4 இரண்டையும் கட்டாயம் போடுங்கள். அந்தப் பக்கம் செத்துப்போய் மோடம் மட்டும் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தானே வைத்துவிடும், இல்லையென்றால் டெலிபோன் மீட்டர் விடிய விடிய ஓடும்.

இடி. இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சித்திரை வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி மழையும் எங்கள் பக்கம் இடியோடுதான் வரும், மலைச்சரிவில் நீளமாக ஓடுகிற டெலிபோன் கம்பி அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். கீழ் வீட்டில் உள் கார்டு கருகி, கூடவே மதர்போர்டும் போனது. வெளி மோடத்தில் அடி வாங்கினால் பெரும்பாலும் மோடத்தோடு போகும், சமயத்தில் சீரியல் போர்ட்டும் போகலாம், ஆனால் கம்ப்யூட்டர் பிழைக்க வாய்ப்பு அதிகம். சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம், நல்ல எர்த் இருந்தால்தான் அது வேலை செய்யும், நம் பக்கப் பழைய வீடுகளில் எத்தனை பிளக்கில் எர்த் உண்மையில் மண்ணுக்குப் போகிறது? மேகம் கருத்தால் டெலிபோன் ஜாக்கையும் அடாப்டரையும் பிடுங்கி வையுங்கள். வெளி மோடத்தில் அது கை எட்டுகிற இடத்தில் இருப்பது பெரிய வசதி.

குறை என்று பார்த்தால், முதலில் விலை. அடுத்து அடாப்டர், பெரிதாக இருக்கும், பக்கத்து பிளக்கையும் மறைக்கும். சொந்தக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால் அடாப்டரின் முதுகைப் படிக்காமல் மாட்டாதீர்கள், அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்று அடாப்டர் வாங்கும்போதும் கவனம், சில மாடல்களுக்கு வெளியே வர வேண்டியது டிசி இல்லை, ஏசி. வோல்ட் ஒத்துப்போகிறது என்று டிசி அடாப்டரை மாட்டினால் ஓடாது. புது லேப்டாப்களில் சீரியல் போர்ட்டே இல்லை, அவர்களுக்கு இதே கம்பெனியின் யூஎஸ்பி மோடம் 5637 பொருந்தும். அதுவும் உள்ளே கன்ட்ரோலர் உள்ளதுதான், லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிற சிடிசி-ஏசிஎம் டிரைவர் மூலம் டிடிஒய்ஏசிஎம்0 என்கிற போர்ட்டாகத் தானாக வரும். ஆனால் யூஎஸ்பி என்று போட்டிருக்கிற எல்லா மோடத்தையும் நம்பாதீர்கள், அதிலும் வின்மோடம் ஜாதி நிறைய உண்டு.

டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) எதுவானாலும் பரவாயில்லை. உபுண்டு என்கிற தொகுப்பின் சிடியைக் கேட்டால் 2011 வரை தபாலில் இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அந்த 700 எம்பி சிடியை இந்த லைனில் நொடிக்கு நாலு கேபி வீதம் இறக்கினால் ஒருமுறையும் அறுக்காமல் இரண்டு நாள் ஓட வேண்டும்.

புதிதாகக் கிடைக்கவில்லை என்றால் கோயம்புத்தூரிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பழையது தேடிப் பாருங்கள், ஆபீஸ்கள் பிராட்பேண்டுக்கு மாறியபோது நல்ல வெளி மோடங்களைத் தூக்கிப் போட்டார்கள். கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி ஏடி என்று அடியுங்கள், ஓகே என்று பதில் வர வேண்டும். அப்புறம் ஏடிஐ7 அடித்தால் யூஎஸ் ரோபாடிக்ஸ் தன் மாடல் விவரத்தை வரிசையாகக் காட்டும், அதில் 'எக்ஸ்டர்னல்' என்றும் வி.34 என்றும் இருக்கிறதா பாருங்கள். கடையின் டெலிபோன் லைனை மாட்டி ஒரு தடவை டயல் செய்தும் காட்டச் சொல்லுங்கள். இடி வாங்கின மோடம் ஏடிக்கு ஒழுங்காக ஓகே சொல்லும், லைனை எடுக்கத்தான் முடியாது. அடாப்டரும் கேபிளும் சேர்த்துத் தந்தால் மட்டும் காசு கொடுங்கள்.